முள்ளெலிக்குப் போட்ட சாம்பிராணி

முள்ளெலிக்குச் சாம்பிராணிப் புகை போட்டவள் இந்தக் கடத்தூர் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. நான் செய்தது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று விளங்குவதற்குள் மூன்று குட்டிகளில் ஒன்று போய்விட்டது.

என் பெயர் நிர்மலாதேவி. மூன்று கறவை மாடு, ஒன்றரை ஏக்கர் கடலைக்காடு, தக்காளி ஏற்றும் டெம்போ ஓட்டுகிற கணவர் வீரமணி, தருமபுரியில் விடுதியில் தங்கிப் படிக்கிற இரண்டு பிள்ளைகள். இவ்வளவுதான் குடும்பம் என்று சொன்னால் என் தங்கை சோபனா கோபித்துக்கொள்வாள். அவள் நாலாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். நான் கொண்டுவந்த சீதனம் சோபனாதான் என்று வீரமணி இன்றைக்கும் கேலி செய்வார். அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து ஓசூரில் வேலை செய்யும் மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிக்கொடுத்தது வரை எல்லாம் நான்தான்.

அதனால் அவளுடைய தலைப்பிரசவம் என் வீட்டில்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. ‘அம்மா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?’ என்ற பேச்சு எவள் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது. ஒன்பதாம் மாதம் வளையல் போட்டு அவளை அழைத்து வந்த நாளிலிருந்து அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

அவள் வந்த வாரத்தில்தான் முள்ளெலியும் வந்தது. கடலைக்காட்டு ஓரத்தில் கிடந்த கல் குவியலை ஒதுக்கும்போது வீரமணி கண்ணில் பட்டிருக்கிறது. துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த மச்சினிக்கு வேடிக்கை காட்டினார். சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, “சீத்தாப்பழம் மாதிரியே இருக்குது மாமா” என்றாள் சோபனா. அன்றையிலிருந்து அதற்குச் சீத்தா என்று பெயர்.

“காட்டுல இருக்கறதக் காட்டுலயே வுடுங்க. வூட்டுக்குள்ள எதுக்கு?” என்று நான் கத்தினேன். வீட்டில் நான் கத்தினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில் பழைய புடவையை விரித்து, மூட்டை போடுகிற சின்ன அறையில் அதைக் குடிவைத்தாள் சோபனா. நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் கரையானும் வெட்டுக்கிளியும் பிடித்து வருவாள். முதலில் அவள் கை பட்டாலே பந்தாகச் சுருண்டுகொண்ட ஜீவன், பத்தே நாளில் அவள் குரலைக் கேட்டதும் மூக்கை நீட்டிக்கொண்டு எழுந்து வர ஆரம்பித்தது. எனக்கு மட்டும் கடைசி வரை முள்ளைத்தான் காட்டியது. நான் அதைக் குற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

அதுவும் வாயும் வயிறுமாகத்தான் வந்திருக்கிறது என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?

சோபனாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் பின்பக்க அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். மூட்டை அறை அதற்கு உள்ளே இருக்கிறது. கதவு கிடையாது, ஒரு புடவைத் திரைதான். சீத்தாவைப் பார்க்க வேண்டுமென்றால் சோபனாவின் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதற்குப் பிறகு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. விடிந்ததும் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைச் சூடாக அவள் இடுப்பில் ஊற்றுவேன். காதில் பஞ்சு, வயிற்றில் இறுக்கிக் கட்டிய வேட்டித் துணி. பூண்டுக் குழம்பு, கருவாடு, லேகியம். குடிக்கத் தண்ணீர் மட்டும் அளந்துதான், பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்பார்கள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, காலையும் மாலையும் அறை மணக்கச் சாம்பிராணி. என் இரண்டு பிள்ளைகளையும் இந்தப் புகையில்தான் வளர்த்தேன். பார்க்க வருகிறவர்கள் வந்தபடியே இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, குழந்தையை எடுத்து மடியில் போட்டு அனுப்பினேன். “தாயி இருந்தாக்கூட இப்படிப் பாக்கமாட்டா” என்று ஒருத்தி சொன்னாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சோபனாவுக்கு மட்டும் பால் சரியாக ஊறவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பாள் என்று நான் குழம்பில் பூண்டை இரட்டிப்பாக்கினேன்.

குழந்தைக்குப் பன்னிரண்டாம் நாள். காலையில் மாடு கறந்து முடிக்கவில்லை, “அக்கா! அக்கா!” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். திரைக்கு அந்தப் பக்கம் கிரேட்டின் முன்னால் குந்தியிருந்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்க்கவில்லை.

“மூணு இருக்குதுக்கா.”

எட்டிப் பார்த்தேன். என் கட்டைவிரல் நீளத்தில் மூன்று. ரோஸ் நிறத்தில், கண் மூடி, முதுகில் வெள்ளையாக மயிரிழை மாதிரி முள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சீத்தா அவற்றைச் சுற்றி வளைத்துப் படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரசவம். இரண்டுக்கும் தாய் இல்லாத குறை தெரியக் கூடாது என்று தோன்றிவிட்டது.

உடனே வேலையில் இறங்கினேன். மஞ்சளை இழைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தேன்.

“வேணாம்க்கா. அதத் தொடாத” என்றாள் சோபனா.

“உனக்கு என்னாடி தெரியும்? பச்ச மண்ணுங்க. சீழு கீழு புடிச்சா? நீ போய்ப் படு, குளுந்த தரையில குந்திக்கினு.”

குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வயிற்றிலும் முதுகிலும் மஞ்சள் தொட்டு வைத்தேன். சீத்தா புஸ்ஸென்று சீறியது. அதற்கும் இரண்டு அதட்டல் போட்டேன். தூபக்காலில் நெருப்பு அள்ளிவந்து, நல்ல சாம்பிராணியாகப் பார்த்துத் தூவி, கிரேட்டைச் சுற்றி மூன்று முறை காட்டினேன். அப்புறம் ஒரு மூடியில், கறந்த சூடு ஆறாத பாலை ஊற்றி வைத்தேன். பால் சொஸைட்டியில் என் பாலுக்கு இருக்கிற பெயர் ஊருக்கே தெரியும். சீத்தா அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டது. மத்தியானம் இன்னொரு மூடி கொடுத்தேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு கோவிந்தம்மாள் வந்தாள். எங்களுக்குப் பெரியம்மா முறை. பொம்மிடியிலிருந்து அவளுடைய இரண்டு நாத்தனார்களும் கூட வந்திருந்தார்கள். குழந்தையைக் கை மாற்றி மாற்றிக் கொஞ்சினார்கள். அது வீறிட்டு அழுதது. அப்புறம் முள்ளெலியும் குட்டி போட்டிருக்கிறது என்ற செய்தியை நானே சொன்னேன். எல்லாரும் திரையை விலக்கிக்கொண்டு நின்றார்கள்.

“நிர்மலா, எங்க பேரனுக்குக் கக்குவான் இருமல் நிக்கவே மாட்டேங்குது. ரெண்டே ரெண்டு முள்ளு குடு கண்ணு. சுட்டுப் பொடி பண்ணித் தேன்ல கொழச்சிக் குடுத்தா கேக்கும்” என்றாள் கோவிந்தம்மாள்.

“தரேங்க பெரியம்மா. பெத்த அன்னிக்கேவா? ஒரு வாரம் போவட்டும்” என்றேன்.

அவர்கள் போன பிறகு விளக்குப் போடுகிற நேரத்தில் சோபனா திரைக்குப் பின்னாலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

“ரெண்டுதான் இருக்குதுக்கா.”

“துணிக்கு அடியில இருக்கும், நல்லாப் பாரு.”

“இல்லக்கா. அதே தின்னுடுச்சு.”

போய்ப் பார்த்தேன். மிச்சம் கொஞ்சம் இருந்தது. சீத்தா மூலையில் உட்கார்ந்திருந்தது. இருந்த இரண்டு குட்டிகளும் அதை விட்டுத் தள்ளிக் கிடந்தன. புடவைத் துணியெல்லாம் கழிச்சல். யாரையாவது திட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. நேராகத் தெருவுக்குப் போய் எதிர்வீட்டு வாசலில் நின்றேன்.

“முள்ளு கேக்கற சாக்குல உள்ள பூந்து கண்ணு வச்சீங்களே, இப்ப நிம்மதியா? ஒண்ணு போயிடுச்சு!”

“நான் தொடக்கூட இல்லடி. வாசப்படியிலதான் நின்னன்” என்றாள் கோவிந்தம்மாள். அவளுக்குப் பின்னால் பேரன் இருமிக்கொண்டிருந்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் விடவில்லை, இன்னும் இரண்டு வார்த்தை கூடவே பேசிவிட்டுத்தான் திரும்பினேன்.

மறுநாள் காலையில் சீத்தா சுருளக்கூட இல்லை. தொட்டாலும் முள் சிலிர்க்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. குட்டிகள் இரண்டும் சில்லென்று இருந்தன. சோபனா அழவில்லை. கிரேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவும் இல்லை. குழந்தை அழுதபோதுகூட அவள் பார்வை அங்கேதான் இருந்தது. “இதுங்க செத்துட்டா நான் இனிமே அந்த ரூம்ல இருக்க மாட்டன்” என்றாள். அவள் குரலில் இருந்த எதுவோ என்னைப் பயமுறுத்தியது.

நல்லவேளையாக அன்று ஊரில் மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட வந்திருந்தார்கள். கால்நடை டாக்டர் ஜெயபால் சார் ஊசியும் கையுமாக என் மாட்டுக் கொட்டகையில் நின்றபோது விஷயத்தைச் சொன்னேன்.

“முள்ளெலியா? நான் இதுவரைக்கும் அதுக்கு வைத்தியம் பாத்ததே இல்லீங்கம்மா. சரி, காட்டுங்க” என்றார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர் கிரேட்டின் முன்னால் குனிந்து, முதலில் மூக்கைத்தான் உறிஞ்சினார். பிறகு குட்டிகளைக் கூர்ந்து பார்த்தார்.

“இதென்ன மஞ்சளா இருக்குது?”

நான் சுவரைப் பார்த்தேன்.

“மஞ்சள் யாருங்க தடவுனது? சாம்பிராணி வாசனை வேற வருது?”

சோபனா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் இன்னும் குத்தியது. “நான்தாங்க சார்” என்றேன். பாலையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. வெளியே போய், சென்னையில் மிருகக்காட்சி சாலை விலங்குகளைப் பார்க்கிற தன் கூடப்படித்த டாக்டருக்கு போன் போட்டுப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார்.

“இதுக்கு வாசனைதாங்கம்மா எல்லாம். தன் குட்டியை வாசனை வச்சுதான் தெரிஞ்சுக்கும். நீங்க மஞ்சளும் பொகையும் போட்டதுல அதுக்குத் தன் குட்டி வாசனையே கெடைக்கல. பெத்த கூட்டுல புதுசா ஏதோ கெடக்குதுன்னு நெனச்சிருக்கும். அதுக்கு மேல ஆளுங்க கூட்டம். எங்க ஓடறதுன்னு தெரியாத பயம். அப்படிப் பயந்தா இது குட்டியத் திங்கும். மாட்டுப் பாலும் இதுக்குச் செரிக்காது. அதனாலதான் கழிச்சல்.”

“எங்க வூட்டுப் பாலு சுத்தமான பாலுங்க சார்.”

“உங்க பாலுல குத்தம் இல்லீங்கம்மா. இதோட வயித்துக்கு ஆவாது, அவ்வளவுதான்.”

அவர் சொன்னபடி எல்லாம் சோபனா செய்தாள். கூட்டின் வாசனை ஒட்டட்டும் என்று கையைக் கூட்டில் கிடந்த பழைய துணியில் நன்றாகத் துடைத்து, அதே துணியால் குட்டிகளைத் தூக்கி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்துச் சூடு ஏற்றினாள். அவை அசைந்ததும் சீத்தாவின் வயிற்றோரம் விட்டாள். மூடியில் வெறும் தண்ணீர். தின்ன வேகவைத்த முட்டை கொஞ்சம், வெட்டுக்கிளி, கரையான். கிரேட்டின் மேல் கோணிப்பை போட்டு இருட்டாக்கினோம்.

“இனிமே பத்து நாளைக்கு யாரும் அந்தப் பக்கம் போவக் கூடாது. தீனி வைக்கறதுக்கு அதுக்குப் பழக்கமான ஒரே ஆள் போதும். சத்தம் கூடாது, பொகை கூடாது, எடத்தை மாத்தவும் கூடாது. அப்படியும் பொழைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அதைத் தனியா விட்டாத்தான் ஏதோ வழி இருக்குது” என்றவர் சோபனாவைப் பார்த்து, “தொட்டா கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் கொழந்தையத் தூக்கணும். இன்னொண்ணு, இதையெல்லாம் வீட்டுல வளக்கறது சட்டப்படி தப்பும்மா. குட்டிங்க தானா தின்ன ஆரம்பிச்சதும் கெடச்ச எடத்துலயே விட்டுடணும். நான் வனத்துறையில சொல்லி வைக்கிறன்” என்றார். அவள் தலையாட்டினாள்.

டாக்டர் போனதும் எனக்கு அவமானமெல்லாம் கோபமாக மாறியது. மூக்கு உடைந்தால் நான் அப்படித்தான்.

“பெத்ததையே திங்கிற ஜென்மம். இதுக்கு முட்டை, வெட்டுக்கிளின்னு உபசாரம் வேற!”

“அப்படிச் சொல்லாதக்கா” என்றாள் சோபனா. கட்டிலில் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். “அது கெட்டது இல்லக்கா. எல்லாரும் போங்கன்னு சொல்ல அதுக்கு வாயில்ல.”

“நீ என்னா அதுக்கு வக்கீலா?”

“நேத்து பெரியம்மாவும் பொம்மிடி அத்தைங்களும் வந்தாங்கல்ல. ஆளாளுக்குக் கொழந்தய வாங்கி வாங்கிக் குடுத்தாங்க. அது அழுவுது. நீ பால் குடுடி, பால் குடுடின்னு தலைமாட்டுல நிக்கிற. எல்லாரும் என் மாரையே பாக்கறாங்க. எனக்கு ஒரு சொட்டு வரல. அப்ப கொழந்தயக் கட்டில்ல வச்சிட்டு, இந்தத் துணியெல்லாம் அவுத்துப் போட்டுட்டு, நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போயிடலாம்னு இருந்துச்சுக்கா. எந்த பஸ்ஸு வந்தாலும் ஏறிடலாம்னு. கொழந்த எப்படின்னா போவட்டும்னு தோணுச்சு. பெத்த தாயிக்கு அப்படித் தோணலாமாக்கா?”

கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“எங்க சொல்றது? நீ ஒரு நிமிஷம் சும்மா குந்துனாத்தான.” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. “நீ எனக்காகத்தான் பண்றன்னு தெரியும்க்கா. அதனாலதான் சொல்ல முடியல. பதிமூணு நாளா நான் ஒரு மணி நேரம் சேந்தாப்புல தூங்கல.”

அவளைக் கட்டிக்கொண்டேன். அம்மா இறந்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. இவளுக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது என்று ஓடி ஓடிச் செய்தேன். அவள் என்ன கேட்கிறாள் என்று ஒரு தடவைகூட நின்று கேட்கவில்லை. நான் அவளுக்காகச் செய்ததில் பாதி, ஊர் வாய்க்குப் பயந்து செய்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அவள் வயிற்றுத் துணியை நானே அவிழ்த்தேன். காதுப் பஞ்சை எடுத்தேன். ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை ஒரே மூச்சில் குடித்ததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது.

பிறகு செய்ய வேண்டிய இரண்டு காரியங்களை அன்றே செய்தேன். ஊருக்கு வருகிற நர்ஸுக்கு போன் போட்டேன். அவர் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டு, சோபனாவிடம் அரை மணி நேரம் தனியாகப் பேசினார். “நெறைய பேருக்கு இப்படி வரும். தூங்க விடுங்க. நான் ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரேன். சரியாவலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்” என்றார். இன்னொன்று, எதிர்வீட்டு வாசலுக்குப் போனேன். “தப்பு என்மேலதாங்க பெரியம்மா. மஞ்சள் வச்சது நான்தான்” என்றேன். மன்னிப்பு கேட்கிற மாதிரி என் குரல் இல்லை, சண்டைக்கு வந்த மாதிரிதான் இருந்ததாம். அதை வீரமணி பிறகு சொன்னார். கையோடு நானே, “முள்ளெல்லாம் சுட்டுக் குடுக்க வேணாம். இவரு டெம்போவுலயே பேரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு, கெளம்புங்க” என்று அவர்களை ஏற்றி அனுப்பினேன். இருமலுக்கு மருந்து கிடைத்தது. ஆனால் கோவிந்தம்மாளின் மனசு ஆறவில்லை.

பின்பக்க அறைக்கு அன்றிலிருந்து நானே காவல். சோறும் குழம்பும் வாசலில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுப்பேன். கூப்பிட்டால்தான் உள்ளே. சாம்பிராணியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். குழந்தை அழும்போது ஓடாமல் இருப்பதுதான் பெரிய பாடு. கால் தானாகப் போகும். அதனால் கொட்டகையில் போய் மாட்டுக்குத் தீனி கலந்துகொண்டு நிற்பேன். நாலைந்து நிமிஷம் அழும், அப்புறம் அடங்கும். யாரும் தலைமாட்டில் நிற்காமல் அவளாகவே அடக்கியிருக்கிறாள் என்று தெரியும்போது எனக்கு நிம்மதியாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

நாலாம் நாள் கோவிந்தம்மாள் பொம்மிடி நாத்தனார்களோடு மறுபடி வந்தாள். குழந்தைக்குக் கவுனும் கொலுசும் வாங்கி வந்திருந்தார்கள். நான் கேட்டிலேயே நின்றேன்.

“பத்து நாளைக்கு யாரும் உள்ள வரக் கூடாதுங்க. டாக்டர் சொல்லியிருக்காரு.”

“எந்த டாக்டரு? மாட்டு டாக்டரா?” என்று சிரித்தாள் நாத்தனார்களில் ஒருத்தி. “எலிக்காகப் புள்ளையப் பாக்கக் கூடாதா?”

“எலிக்காகவும்தாங்க. என் தங்கச்சிக்காகவும்தான். அவ தூங்கறா.”

“பவல் நேரத்துல பெத்தவ தூங்கறாளாம்” என்றாள் கோவிந்தம்மாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி அதையும் சொன்னாள். “அம்மா இருந்திருந்தா இப்படி வந்தவங்களக் கேட்டுல நிக்க வைப்பாளா?”

எத்தனை வருஷமாகப் பயந்த வார்த்தை. கடைசியில் வந்தேவிட்டது. காது கொஞ்ச நேரம் அடைத்துப்போனதுதான் உண்மை. ஆனால் நான் நினைத்த மாதிரி உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

“அம்மா இருந்திருந்தா உங்கள மொத நாளே நிறுத்தியிருப்பாங்க பெரியம்மா. எனக்குத்தான் புத்தி வர இத்தனை நாளாச்சு. பத்து நாள் கழிச்சு வாங்க, கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறன்.”

கொலுசை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். குழந்தைக்கு ஏதோ கோளாறு, மறைக்கிறார்கள் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. பால் ஊற்றப் போன இடத்தில் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். எனக்குத் திட்டத் தெரியும் என்பது ஊருக்குத் தெரியும். அந்த வாரம் நான் யாரையும் திட்டவில்லை.

சீத்தாவைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது சோபனாவே ஒன்றிரண்டு வார்த்தை சொல்வாள். “முட்ட தின்னுச்சுக்கா.” “இன்னிக்குக் கழிச்சல் இல்ல.” ஏழாம் நாள், “கூட்டுக்குள்ள கீச்கீச்சுன்னு சத்தம் வருதுக்கா. நான் எட்டிப் பாக்கல” என்றாள். அதே நாளில், “பால் கொஞ்சம் கட்டுதுக்கா” என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படியிருந்தது என்று பார்க்க ஆசையாக இருந்தது. அறைக் கதவு ஒருக்களித்திருந்தது, நான் தள்ளவில்லை.

குட்டிகள் இரண்டும் பூச்சி தின்னப் பழகிய பிறகு, தாயையும் அவற்றையும் வனத்துறை ஆள் முன்னிலையில் கல் குவியலின் ஓரத்தில் விட்டோம். சோபனா கையசைத்தாள். சீத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அது வெகுநாள் கழித்து நடந்தது. நான் சொல்ல வந்தது பதினோராம் நாளைப் பற்றி.

அன்று மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். “அக்கா, உள்ள வாயேன்” என்று குரல் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனேன். சோபனா என் மணிக்கட்டைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், கோணிப்பையின் ஒரு மூலையைத் தூக்கினாள். சீத்தா பக்கவாட்டில் படுத்திருந்தது. இரண்டு குட்டிகளும் முன்னைப்போல் இரண்டு மடங்கு. முதுகு முழுக்கக் குட்டி முள். வயிற்றை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. என் கை தானாக முன்னால் போனது. நானே அதை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

“பொழச்சிக்கிச்சுங்கக்கா” என்றாள் சோபனா.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினேன். வெளியே வந்ததும், அவள் கட்டிலில் இருந்த குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தாள். பத்து நாளாக நான் அதைத் தொடவே இல்லை. கொஞ்சம் கனத்திருந்தது.

“இப்பதான் குடிச்சா. கொஞ்ச நேரம் நீ வச்சிரு. நான் தூங்கட்டுமா?”

“தூங்குடி. எத்தன மணிக்கு எழுப்பட்டும்?”

“எழுப்பாத. நானா எந்திரிக்கிறன்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மாடுகள் கறக்கச் சொல்லிக் கத்த ஆரம்பித்தன. நாலு மணிக்கு சொஸைட்டி வண்டி தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. கேட்டில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. வண்டி போய்விட்டது. என் தங்கை ஆறு மணி வரைக்கும் தூங்கினாள்.